கேமராவுக்குக் கட்டிய வீடு

தென்காசிப் பக்கம் வேப்பங்கொம்பு என்று ஓர் ஊர். வரைபடத்தில் தேடாதீர்கள். வரைபடம் போட வந்தவர்கள் அந்த ஊர் மன்றத்துக்காரர்களிடம் வழி கேட்டிருப்பார்கள். அதனால் வேறெங்கோ போயிருப்பார்கள்.

ஊரில் புத்திசாலிகள் நிறையப் பேர் இருந்தார்கள். ஆனால் அவர்களுக்கெல்லாம் வேலை இருந்தது. ஆகவே நற்பணி மன்றத்தை நாலு பேர் மட்டும் நடத்தினார்கள்.

தலைவர் ஆவுடையப்பன். எதையும் நிதானமாக யோசித்துத்தான் செய்வார். யோசிக்காமல் செய்திருந்தால் சேதம் கொஞ்சம் குறைந்திருக்கும். செயலாளர் கொம்பையா. தேதி காட்டும் கைக்கடிகாரம் ஊரிலேயே அவரிடம்தான் இருந்தது என்பதால் அந்தப் பதவி. மூன்றாவது ஆள் லூர்துமணி. ஒரு கல்யாண வீட்டில் வீடியோக்காரருக்கு லைட் பிடித்தவர். அன்றிலிருந்து கேமரா சம்பந்தப்பட்ட எல்லாவற்றிலும் அவர் சொன்னதே முடிவு. நாலாவது நல்லபெருமாள். அவரிடம் ஒரு ரம்பமும் ஒரு கடப்பாரையும் இருந்தன. மன்றத்துக்கு அது போதுமானதாக இருந்தது.

தென்காசி போகிற பேருந்து ஊர் வழியாகத்தான் போகும். ஆனால் நிற்காது. ஏற வேண்டுமென்றால் மூன்று கிலோமீட்டர் நடந்து ஆலடி முக்குக்குப் போக வேண்டும். போன மழைக்காலத்தில் சித்தாள் வேலை பார்க்கும் பூங்கனி, காய்ச்சலில் கிடந்த மாமியாரை முதுகில் தூக்கிக்கொண்டு முக்கு வரைக்கும் போனாள். மாமியார் பிழைத்துக்கொண்டார். ஆனால் வழியெல்லாம் பேசிக்கொண்டதில் இரண்டு பேருக்கும் அதற்கப்புறம் பேச்சு இல்லை.

பேருந்து நிற்க வேண்டுமானால் சாலையோரம் ஒரு நிழற்குடை இருக்க வேண்டும், இருபத்தாறாம் தேதி அதிகாரி வந்து பார்ப்பார், இருந்தால் நிறுத்தம் உண்டு, இல்லாவிட்டால் அடுத்த வருஷம் மனு போடுங்கள் என்று மன்றத்து மனுவுக்குப் போக்குவரத்துக் கழகத்திலிருந்து பதில் வந்திருந்தது.

நிழற்குடை கட்டித் தருகிறேன் என்று முன்வந்தவள் தங்கபுஷ்பம். ஆவுடையப்பனுக்கு அண்ணன் மகள் முறை. பன்னிரண்டு வருஷம் முக்கு வரைக்கும் நடந்து படித்து, நர்ஸாகி, இப்போது மஸ்கட்டில் இருக்கிறாள். செங்கல், சிமெண்ட், தகரம் எல்லாம் முதல் தேதி காலையிலேயே வந்து இறங்கின. கூடவே ஊருக்கு வந்த ஒருவர் கையில் ஒரு டிஜிட்டல் கேமராவும் கொடுத்தனுப்பியிருந்தாள். வீடியோ கேமரா இல்லை, படம் எடுக்கிற கேமரா. நிழற்குடை எழும்புவதை விட்டு விட்டுப் படம் பிடித்து, எல்லாவற்றையும் ஒன்றாகக் கோர்த்து ஓடவிட்டால், தரையிலிருந்து கட்டடம் தானாக முளைத்து வருவது போலத் தெரியும். அவளுக்கு அதைப் பார்க்க ஆசை. கேட்டது அது ஒன்றுதான்.

எப்படிச் செய்வது என்று ஒரு குரல் பதிவும் அனுப்பியிருந்தாள். மன்றத்து நாலு பேரும் அதைச் சுற்றி உட்கார்ந்து கேட்டார்கள்.

"சித்தப்பா, கேமராவை மூணு கால் ஸ்டாண்டுல வைங்க. மேனுவல்ல வைங்க, ஆட்டோவில வைக்கவே கூடாது. போகஸை லாக் பண்ணிருங்க. வெளிச்சம் ஒரே மாதிரி இருக்கணும். பத்து நிமிஷத்துக்கு ஒரு படம். இம்மி கூட அசையக் கூடாது. குறுக்க யாரும் வராமப் பாத்துக்கோங்க. ஒரு மாச வேலை ஒன்றரை நிமிஷத்துல முடிஞ்சிரும்."

இதைவிடத் தெளிவாக யாரும் சொல்ல முடியாது. அதுதான் பிரச்சினை.

முதல் அதிர்ச்சி ஆட்டோவைப் பற்றியது. முக்கிலிருந்து கேமரா ஆட்டோவில்தான் வந்திருந்தது. லூர்துமணி மடியில் வைத்துக்கொண்டு வந்தார். மடியில் வைத்ததால் ஆட்டோவில் வைத்ததாக ஆகாது என்று ஆவுடையப்பன் கடைசியில் தீர்ப்புச் சொன்னார். இருந்தாலும் தங்கத்திடம் இதைச் சொல்ல வேண்டாம் என்று முடிவாயிற்று.

மேனுவல் சுலபமாக இருந்தது. பெட்டிக்குள் தடிமனான ஒரு புத்தகம்; அட்டையில் கொட்டை எழுத்தில் மேனுவல் என்று போட்டிருந்தது. கேமராவை அதன்மேல் வைத்தார்கள். அப்புறம் ஒவ்வொரு சந்தேகத்துக்கும் அந்தப் புத்தகத்தில் பதில் இருந்தது. ஆனால் கேமராவை அசைக்கக் கூடாதே, எப்படி எடுத்துப் பார்ப்பது?

போகஸ் எது என்பதில் கருத்து வேறுபாடு இருந்தது. முன்னால் உருண்டையாக இருப்பதுதான் என்று லூர்துமணி சொன்னார். அதில் பூட்டு மாட்ட இடமில்லாததால், பக்கத்தில் வார் மாட்டுகிற வளையத்தில் ஒரு பித்தளைப் பூட்டைத் தொங்கவிட்டு, இழுத்துப் பார்த்து, பூட்டியாயிற்று என்று திருப்தியடைந்தார்கள்.

மூன்று கால் ஸ்டாண்டுக்குத்தான் கொஞ்சம் அலைச்சல். ஊரில் இருந்த ஸ்டூலுக்கெல்லாம் நாலு கால். நல்லபெருமாள் மன்றத்து ஸ்டூலில் ஒரு காலை ரம்பத்தால் அறுத்தார். ஸ்டூல் விழுந்தது. தூக்கி நிறுத்தினார்கள், விழுந்தது. வேறு காலை அறுத்திருக்க வேண்டுமோ என்று கொம்பையா கேட்டார். அப்புறம் நல்லபெருமாள் அந்த மூலையைக் கையால் தாங்கிக்கொண்டு அரை நாள் உட்கார்ந்திருந்தார். ஒரு தும்மல் வந்தது. கேமரா அசைந்தது. வேறு வழியில்லாமல் ஆவுடையப்பன் கொத்தனாரைக் கூப்பிட்டு, அறுத்த காலுக்கு அடியில் செங்கல் அடுக்கச் சொன்னார்.

கொத்தனார் சுடலைமுத்து பொறுமைசாலி. செங்கலை அடுக்கிப் பூசிவிட்டு, இதற்குக் காலை அறுக்காமலே இருந்திருக்கலாமே என்று கேட்டார்.

"அப்ப நாலு காலாயிருமே வே" என்றார் ஆவுடையப்பன். விஷயம் தெரியாதவர்களிடம் அவர் எப்போதும் கனிவாகத்தான் பேசுவார்.

சாலையோரத்தில் நிழற்குடை கட்ட வேண்டிய பொட்டல். அதிலிருந்து அதே ஓரமாக முப்பதடி தள்ளி ஸ்டூல். கேமரா பொட்டலைப் பார்த்தபடி இருந்தது. சுடலைமுத்து கயிறும் முளையும் எடுத்துக்கொண்டு பொட்டலுக்குள் இறங்கினார். லூர்துமணி ஓடிப்போய்க் கையை விரித்து மறித்தார்.

"கொத்தனாரே, குறுக்க வராதீரும்."

"குறுக்க வராம எப்படிய்யா கட்ட?"

"அது உம்ம தொழில். எங்கிட்ட கேட்டா எனக்கு என்ன தெரியும்?"

சுடலைமுத்து ஆவுடையப்பனிடம் போனார். தலைவர் அவரை உட்கார வைத்து, மனம் நோகாமல் எடுத்துச் சொன்னார். கொத்தனார் வேலை முடிக்க ஒரு மாசம் கேட்கிறார். கேமரா ஒன்றரை நிமிஷம் கேட்கிறது. இதில் யாரை வேலைக்கு வைப்பது என்று கொத்தனாரே சொல்லட்டும். சுடலைமுத்து முப்பது வருஷமாகக் கட்டட வேலை செய்கிறவர். இப்படி ஒரு போட்டி வரும் என்று அவர் நினைத்துப் பார்த்ததில்லை. பீடி பற்ற வைத்தார்.

கேமராவின் வேகத்தைச் சோதித்துப் பார்க்காமல் நம்பினார்கள் என்று நீங்கள் நினைத்துவிடக் கூடாது. சோதித்தார்கள். நல்லபெருமாள் தன் தோட்டத்திலிருந்து ஒரு பச்சை வாழைத்தாரைக் கொண்டுவந்து பொட்டலின் ஓரத்தில், கேமராவுக்குத் தெரிகிற மாதிரி வைத்தார். ஐந்தாம் நாள் தார் முழுவதும் பழுத்துவிட்டது. வாழைக்காய் ஐந்தே நாளில் பழுத்ததை நாலு பேரும் தொட்டுத் தொட்டுப் பார்த்தார்கள். கேமராவின் சக்தியை நினைத்து லூர்துமணிக்குப் பயமே வந்துவிட்டது.

பயத்துக்குக் காரணம் இருந்தது. கேமராவுக்கு முன்னால் நின்றால் மனுஷனும் இதே வேகத்தில் முற்றிவிடுவானே. மறுநாளே ஒரு வெள்ளாடு குறுக்கே போனது. துரத்திப் பிடித்துப் பார்த்தால், அதற்குத் தாடி. நாலு பேரும் கலங்கிப் போனார்கள். ஆட்டுக்காரர் வந்து, அதற்குப் போன வருஷமே தாடி உண்டு என்றார். பெற்ற பிள்ளை மாதிரி வளர்த்தவருக்கு மனசு ஏற்க மறுக்கிறது என்று அவருக்கு ஆறுதல் சொல்லி அனுப்பினார்கள்.

பத்து நிமிஷக் கணக்கு கொம்பையாவின் பொறுப்பு. விடிந்ததும் உட்கார்வார், வெளிச்சம் போனதும் எழுந்துவிடுவார். மனுஷர்தானே, சில நேரம் கண் அசந்துவிடும். பத்து நிமிஷம் பன்னிரண்டாகிவிடும். அப்படி ஆனால் நேர்மையானவன் என்ன செய்வான்? கடிகாரத்தை இரண்டு நிமிஷம் பின்னால் திருப்பி வைப்பான். கொம்பையா நேர்மையானவர். ஒரு நாளைக்கு ஏறக்குறைய ஒரு மணி நேரம் திருப்பினார்.

பத்து நாளில் சூரியன் சாய்கிற நேரத்துக்குக் கடிகாரம் காலை எட்டு மணி காட்டியது. நாலு பேரும் உட்கார்ந்து காலைப் பலகாரம் சாப்பிட்டார்கள். சூரியனின் போக்கு சரியில்லை என்று ஆவுடையப்பன் கவலைப்பட்டார். வீட்டில் பெண்கள் கேட்டதற்கு, படம் எடுக்கிற வேலையில் இதெல்லாம் சகஜம் என்று லூர்துமணி சொல்லிக் கொடுத்த பதிலைச் சொன்னார்கள்.

இதற்கிடையில் கொத்தனார் கிளம்பத் தயாரானார். சுரண்டையில் அவருக்கு வேறு வேலை காத்திருந்தது. பூங்கனிதான் விடவில்லை. நிழற்குடை வராவிட்டால் அவள் இன்னொரு மழைக்காலம் மாமியாரைச் சுமக்க வேண்டும். இன்னும் நாலு நாள் பொறுங்கள் மேஸ்திரி, இவங்க ஏதாவது செய்வாங்க என்றாள். மன்றத்தின் மேல் இப்படி ஒரு நம்பிக்கையை அதுவரை யாரும் வைத்ததில்லை.

அவள் சொன்னது போலவே ஆயிற்று. ஆடிக் காற்று கிளம்பியது. ஸ்டூல் ஆடியது. இம்மி கூட அசையக் கூடாது என்பது உத்தரவு. கூட்டம் கூட்டினார்கள். காற்றை நிறுத்த முடியுமா என்று முதலில் ஆராய்ந்தார்கள். முடியாது என்று தெரிந்த பிறகு, மேற்குப் பக்கம் ஒரு சுவர் வைக்கச் சொல்லிக் கொத்தனாரிடம் வந்தார்கள்.

சுடலைமுத்து மறுக்க வாயைத் திறந்தார். பூங்கனி அவர் காதுக்கு அருகில் குனிந்து, காத்து எவ்வளவு உயரத்துக்கு அடிக்குன்னு கேளுங்க என்றாள். கேட்டார். ஆவுடையப்பன் எக்கி நின்று கையை உயர்த்தி, இம்புட்டு என்று காட்டினார். ஏழரை அடி இருக்கும். சுடலைமுத்து பூங்கனியைப் பார்த்தார். பூங்கனி சாந்துச் சட்டியை எடுத்துக்கொண்டு போனாள்.

முறையாகக் கடைக்கால் தோண்டிச் சுவர் எழும்பியது. மறுவாரம் காற்று வடக்கிலிருந்து வந்தது, இன்னொரு சுவர். எதற்கும் இருக்கட்டும் என்று மூன்றாவது பக்கமும் ஒரு சுவர். பொட்டலைப் பார்த்த சுவரில் கேமராவுக்கு மட்டும் ஒரு ஓட்டை. பிறகு சாரல் பிடித்துக்கொண்டது. மேகம் வருவதும் போவதுமாக வெளிச்சமும் ஒரே மாதிரி இல்லை. மேலே தகரம் போட்டுவிட்டால் இரண்டுக்கும் தீர்வு என்று ஆவுடையப்பனே கண்டுபிடித்தார். காவலுக்கு இருக்கிறவர் உட்கார ஒரு மேடை வேண்டாமா என்று சுடலைமுத்து பணிவாகக் கேட்டார். தலைவர் நெகிழ்ந்துபோனார். பத்துப் பேர் உட்காரலாம் போல ஒரு சிமெண்ட் மேடை, சாலையைப் பார்த்தபடி. கொம்பையாவுக்கு அவ்வளவு நீளம் எதற்கு என்று யாரும் கேட்கவில்லை.

சித்தாட்கள் மண் சுமந்தார்கள், சாரம் கட்டினார்கள், பூசினார்கள். இவ்வளவும் கேமராவுக்குப் பின்னாலும் பக்கத்திலும் நடந்தன. கேமரா மட்டும் இம்மி அசையாமல், பித்தளைப் பூட்டோடு, ஒன்றும் நடக்காத பொட்டலைப் பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை படம் எடுத்துக்கொண்டிருந்தது.

இருபத்தைந்தாம் நாள் கேமராவின் திரையில் மெமரி ஃபுல் என்று வந்தது. லூர்துமணி படித்துச் சொன்னார். நாலு பேரும் கை குலுக்கிக்கொண்டார்கள். அன்றைக்கு இன்னொரு நல்ல சேதியும் இருந்தது: மத்தியானம் பன்னிரண்டு மணிக்குக் கொம்பையாவின் கடிகாரமும் பன்னிரண்டு காட்டியது. சூரியன் தன் தவறைத் திருத்திக்கொண்டுவிட்டதாக எடுத்துக்கொண்டார்கள். தேதிக் கட்டத்தில் இருபத்துநாலு என்று இருந்தது.

பொட்டல் பொட்டலாகவே இருக்கிறதே என்ற கேள்வியை நல்லபெருமாள்தான் எழுப்பினார். ஆவுடையப்பன் யோசித்தார். எடுத்து வைத்த படங்களை ஓடவிட்டால்தானே ஒன்றரை நிமிஷத்தில் முளைக்கும், அதற்குள் எப்படி வரும் என்றார். நல்லபெருமாளுக்குத் தன் அவசரத்தை நினைத்து வெட்கமாகிவிட்டது.

மறுநாள் நாலு பேரும் ஆலடி முக்குக்குப் போனார்கள். நாளைக்கு வரப்போகிற அதிகாரிக்கு மாலை வாங்க வேண்டுமே.

அதிகாரி அன்றைக்கே வந்தார். அவரிடம் வேறு கடிகாரம் இருந்தது.

ஜீப் நின்றபோது மேடையின் அந்தக் கோடியில் சுடலைமுத்துவும் பூங்கனியும், இந்தக் கோடியில் பூங்கனியின் மாமியாரும் உட்கார்ந்திருந்தார்கள். அதிகாரி இறங்கிச் சுவரைத் தட்டிப் பார்த்தார். இதுதான் நிழற்குடையா என்று கேட்டார். சுடலைமுத்து பொய் சொல்லிப் பழக்கமில்லாதவர். "நிழல் இருக்குய்யா" என்றார். அந்த நேரம் பார்த்துச் சாரல் இறங்கியது. அதிகாரி உள்ளே வந்து உட்கார்ந்தார். ஒரு சொட்டு ஒழுகவில்லை. மூலையில் மூன்று கால் ஸ்டூலும், அதன்மேல் புத்தகமும், புத்தகத்தின்மேல் பூட்டுத் தொங்கும் கேமராவும் இருப்பதைப் பார்த்து, அது என்ன என்றார்.

"ஊர்க்காரங்க வச்சது. அசைக்கக் கூடாது" என்றாள் பூங்கனி.

அதிகாரி செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, காகிதத்தில் கையெழுத்துப் போட்டார். முப்பதாம் தேதி மாலை நாலு மணிப் பேருந்திலிருந்து நிறுத்தம்.

மாலையோடு திரும்பிய நாலு பேரும் சேதி கேட்டு, தேதி தெரியாமல் அலையும் அதிகாரிக்காக வருத்தப்பட்டார்கள். வாங்கிய மாலை வாடிவிடக் கூடாதே என்று அதைக் கேமராவுக்குப் போட்டார்கள்.

இருபத்தொன்பதாம் தேதி தங்கபுஷ்பம் வந்தாள். முக்கில் இறங்கி, கடைசித் தடவையாக நடந்தே போகலாம் என்று நடந்து வந்தாள். சாலையோரத்தில் மூன்று சுவரும் தகரக் கூரையும் மேடையுமாக அது நின்றதைப் பார்த்ததும் பெட்டியைக் கீழே வைத்துவிட்டாள். மேடையில் உட்கார்ந்து சிமெண்டைக் கையால் தடவிக்கொண்டிருந்தாள். கண் கலங்கியிருந்தது.

ஆவுடையப்பன் எதிரில் வந்து தலை குனிந்து நின்றார். அவர் நெஞ்சில் உண்மையிலேயே பாரம் இருந்தது.

"தங்கம், நீ தப்பா நினைச்சிட்டே. இது கேமரா வீடு. உன் நிழற்குடை அங்க இருக்கு" என்று பொட்டலைக் காட்டினார்.

அன்று பிற்பகல் அவள் வீட்டில், கேமராவைக் காலி செய்து, மடிக்கணினியில் படங்களைக் கோர்த்து ஓடவிட்டாள். சரியாக ஒன்றரை நிமிஷம் ஓடியது. பொட்டல். ஒரு வெள்ளாடு மின்னி மறைந்தது. வாழைத்தார் பச்சையாக இருந்தது, மஞ்சளானது, சீப்புச் சீப்பாகக் காணாமல் போனது. கட்டடம் மட்டும் வரவில்லை. படம் முடிந்த பிறகும் நாலு பேரும் எழுந்திருக்கவில்லை. இப்போது வரும் என்று திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

தங்கபுஷ்பம் கண்ணில் நீர் வருகிற வரைக்கும் சிரித்தாள். கோபப்பட வேண்டிய இடம்தான். ஆனால் நிழற்குடை இருக்கிறது, பேருந்து நிற்கப்போகிறது, அவளுக்கு வேறென்ன வேண்டும். சிரித்த சிரிப்பில் வேடிக்கைக்காகப் படத்தைப் பின்னாலிருந்து ஓட்டிக் காட்டினாள். தின்ற பழமெல்லாம் தாரில் வந்து ஒட்டிக்கொண்டது. நல்லபெருமாள் வயிற்றைத் தடவிப் பார்த்துக்கொண்டார்.

"எதையும் பின்னாலிருந்து ஓட்டினா இப்படித்தான் சித்தப்பா. இடிச்ச சுவரு கூட எழும்பி நிக்கும்" என்றாள்.

சொல்லியிருக்கக் கூடாது. இத்தனைக்கும் படித்த பெண்.

அவள் எழுந்து உள்ளே போன பிறகு, நாலு பேரும் தெருவில் மெதுவாக நடந்தார்கள். பிள்ளை கேட்டது ஒன்றே ஒன்று. கட்டடம் எழும்புகிற படம். அதைக் கூட நம்மால் எடுத்துத் தர முடியவில்லையே என்றார் ஆவுடையப்பன். தெரு முனை வந்ததும் ஆவுடையப்பன் நின்றார். அவர் யோசிக்க ஆரம்பித்துவிட்டார் என்பது மற்றவர்களுக்குத் தெரிந்தது.

மறுநாள் தங்கபுஷ்பம் சொந்தக்காரர்களைச் சாயங்காலத் திறப்பு விழாவுக்கு அழைக்கக் கடையம் வரைக்கும் போயிருந்தாள். சுடலைமுத்து சுரண்டை வேலைக்குப் போய்விட்டார். பூங்கனி, மாமியாருக்குப் புதுச்சேலை எடுக்க முக்குக்குப் போயிருந்தாள். முதல் பேருந்தில் இரண்டு பேருமாகத் தென்காசி போவதாக ஏற்பாடு. ஆகவே தடுக்க ஆள் இல்லை.

மூன்றரை மணிக்குத் தங்கபுஷ்பம் திரும்பி வந்தாள். நிழற்குடை இருந்த இடத்தில் செங்கற்கள் வரிசை வரிசையாக, ஒழுங்காக அடுக்கி வைக்கப்பட்டிருந்தன. தகரம் ஒரு பக்கம் சாய்த்து வைத்திருந்தது. நாலு பேரும் தலைமுதல் கால்வரை சிமெண்ட் தூசியில் வெள்ளையாக நின்றார்கள். நல்லபெருமாள் கையில் கடப்பாரை. எதிரே, இந்தத் தடவை நாலு காலும் உள்ள ஒரு ஸ்டூலில் கேமரா.

"ஒரு செங்கலுக்கு ஒரு படம் தங்கம். ஒண்ணு விடல" என்றார் ஆவுடையப்பன். "பின்னாலிருந்து ஓட்டினா அப்படியே கட்டி முடிச்சிரும்."

தங்கபுஷ்பம் அடுக்கி வைத்த செங்கல்மேல் உட்கார்ந்தாள். நாற்பது படுக்கை உள்ள வார்டைத் தனியாகப் பார்த்துக்கொள்கிறவள் அவள். இப்படி ஒரு நிலைமைக்கு அங்கே பயிற்சி கொடுத்திருக்கவில்லை.

லூர்துமணி ஒரு தாம்பாளத்தை அவள் முன்னால் நீட்டினார். அதில் இரண்டு துண்டாக வெட்டிய சிவப்பு நாடாவும் பசை டேப்பும் இருந்தன. நாடாவை அவள் இப்போது ஒட்ட வேண்டும். படத்தில் அது வெட்டுவதாகிவிடும். கொம்பையாவுக்கு மட்டும் ஒரு சந்தேகம். இடித்த படத்தை முதலில் எடுத்துவிட்டோமே, பின்னாலிருந்து ஓட்டினால் திறப்பு விழா முடிந்த பிறகுதானே கட்டடம் எழும்பும் என்று கேட்டார்.

"எத்தனை ஊருல அப்படி நடந்திருக்கு வே" என்றார் ஆவுடையப்பன். கொம்பையா ஒப்புக்கொண்டார். தங்கபுஷ்பம் நாடாவை ஒட்டினாள்.

ஊர் கூடிவிட்டது. என்ன நடந்தது என்று ஒருவருக்கொருவர் கேட்டுக்கொண்டார்களே தவிர, யாரும் அதிகமாக ஆச்சரியப்படவில்லை. ஆவுடையப்பன் ஒலிபெருக்கியைப் பிடித்து, நன்றி வணக்கம் என்று பேச்சை ஆரம்பித்தார். அப்புறம் வந்தவர்களுக்கெல்லாம் நன்றி சொன்னார். அப்புறம் வரவேற்றார். பெரியோர்களே தாய்மார்களே என்று முடித்துவிட்டு உட்கார்ந்தார். பின்வரிசையில் இருந்தவர்கள் நிறையப் பேர், வழக்கத்தைவிட இன்றைக்குத் தெளிவாகப் பேசினார் என்றார்கள்.

சரியாக நாலு மணிக்குப் பேருந்து வந்தது. வளைவில் திரும்பி, கூட்டத்தைப் பார்த்து, ஓட்டுநர் வேகத்தைக் குறைத்தார். அப்போதுதான் நாலு பேருக்கும் உயிரே போய்விட்டது. பேருந்து முன்பக்கமாக வந்துகொண்டிருந்தது. இதை அப்படியே படம் எடுத்தால், ஊருக்கு முதல் முதலாக வரும் பேருந்து பின்பக்கமாக ஓடிப் போகிற மாதிரியல்லவா ஆகிவிடும்.

நாலு பேரும் சாலை நடுவில் பாய்ந்தார்கள். நல்லபெருமாள் கடப்பாரையைக் குறுக்கே பிடித்தார். மற்ற மூன்று பேரும் இரண்டு கையாலும், போ, போ, பின்னால போ என்று வீசினார்கள். தலைமுதல் கால்வரை வெள்ளையாக நாலு உருவம், அதில் ஒன்றின் கையில் கடப்பாரை. ஓட்டுநர் அனுபவசாலி. ஒரு கேள்வியும் கேட்காமல் ரிவர்ஸ் போட்டார். பேருந்து மெதுவாகப் பின்னால் நகர்ந்தது. கொம்பையா ஓடிப்போய்க் கேமராவை அமுக்கிக்கொண்டே இருந்தார்.

பூங்கனி மட்டும் யோசிக்கவில்லை. மாமியாரின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஓடி, நகர்ந்துகொண்டிருந்த பேருந்தின் படியில் அவரை ஏற்றித் தானும் தொற்றிக்கொண்டாள். வேப்பங்கொம்பு நிறுத்தத்தில் ஏறிய முதல் பயணிகள் அந்த இரண்டு பேரும்தான். பேருந்து ஆலடி முக்கு வரைக்கும் பின்னாலேயே போனது. மூன்று கிலோமீட்டரும் ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டு, நடக்கிறதுக்கு இது தேவலை என்று மாமியார் சொன்னாராம். எட்டு மாதத்தில் மருமகளிடம் அவர் பேசிய முதல் வார்த்தை.

அப்புறம் எல்லாம் சரியாகத்தான் முடிந்தது. தங்கபுஷ்பம் லீவை நீட்டித்துக்கொண்டாள். சுரண்டையிலிருந்து சுடலைமுத்துவைத் திரும்பக் கூப்பிட்டாள். கேமராவைப் பெட்டியில் போட்டு, பெட்டியைக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டாள். பதினோரு நாளில் அதே செங்கல்லில் நிழற்குடை மறுபடி எழும்பியது. அந்தப் பதினோரு நாளும் மன்றத்து நாலு பேரையும் தன் வீட்டுக் கூடத்தில் உட்கார வைத்து, இடித்த படத்தைப் பின்னாலிருந்து திரும்பத் திரும்ப ஓடவிட்டிருந்தாள். ஒவ்வொரு தடவையும் சுவர் எழும்பி நின்றதும் நாலு பேரும் எழுந்து நின்று கை தட்டினார்கள்.

இன்றைக்கும் நாலு மணிப் பேருந்து அங்கே நிற்கிறது. வெள்ளைச் சட்டை போட்ட நாலு பேர் சேர்ந்து நின்றால் மட்டும் ஓட்டுநர் கொஞ்சம் தயங்குவார்.

திறப்பு விழா நடவடிக்கையை மன்றத்துக் குறிப்பேட்டில் எழுத வேண்டியது செயலாளர் கடமை. கொம்பையா படத்தைப் பத்துத் தடவை பார்த்து, ஒரு விவரமும் விட்டுப் போகாமல் எழுதினார். கடைசிப் பக்கத்திலிருந்து ஆரம்பித்திருந்தார். மேலே நாலு பேரின் கையெழுத்து. அதன் கீழே, பேருந்து முன்பக்கமாக வந்து சேர்ந்தது என்று ஒரு வரி. பிறகு நாடா வெட்டியது, கட்டடம் தானாக எழும்பியது எல்லாம் முறைப்படி இருந்தன. அடியில், கொட்டை எழுத்தில், அடிக்கோடிட்டு இப்படி முடித்திருந்தார்:

நன்றியுரையுடன் விழா இனிதே தொடங்கியது.